ஐம்பத்து மூன்று நாள் எழுத்து

தோணிரேவில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஐம்பத்து மூன்று நாளாகப் பெரிய பெட்டியின் வேலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜெபசெல்விக்கும் அதே கதிதான். கூலி ஒரு ஆளுக்கு, பாரம் இரண்டு ஆளுக்கு. அது அவளுக்குப் புதிதில்லை.

முப்பது வருஷம் தலையில் சுமந்தவள். ஜல்லி, செங்கல், உப்பு மூட்டை, காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டிடங்கள் எழும்பியபோது இரும்புக் கம்பி. கழுத்தெலும்பு தேய்ந்து, இனிமேல் தலையில் பாரம் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஏரி மீனவர் சங்கம் அவளை ஐஸ் கிடங்குக்குப் பின்னால் இருந்த பெட்டி அறைக்கு ஆளாகப் போட்டது. தூசி துடைக்க வேண்டும், ஏசி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், பச்சை விளக்கு சிவப்பானால் போன் போட வேண்டும். எழுத்து படித்தது நாற்பத்தோரு வயதில், சர்ச் கூடத்தில் நடந்த மாலை வகுப்பில். அதனால் இன்றைக்கும் படிக்கும்போது விரல் எழுத்துக்கு அடியிலேயே போகும், உதடு அசையும். ஒரு வரியை முடிக்காமல் அடுத்த வரிக்குப் போக அவளுக்குத் தெரியாது.

பெட்டிக்குள் இருந்தது பாட்டுக் கணக்கு, ஏரியில் யாருக்கு எந்த முறை என்கிற கணக்கு. ஏரியில் மீன் விழுகிற நல்ல இடங்களில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை இறக்கிவிட முடியாது. அதற்குப் பாடு என்று முறை உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பெயர். தை மாதம் சீட்டுக் குலுக்கி எந்த இடம், எத்தனையாவது முறை என்று பிரிப்பார்கள். பெயர் பாட்டில் இருந்தால் ஏரி உண்டு. இல்லாவிட்டால் கரையில் நின்று அடுத்தவன் வலையில் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்பு நோட்டில் எழுதினார்கள். நோட்டு ஒன்று சொல்ல, ஆளுக்கு ஆள் ஞாபகம் வேறொன்று சொல்ல, ஒரு தையில் கழியை எடுத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பஞ்சாயத்து கூடி, பெட்டியில் இருப்பதுதான் பேச்சு, நோட்டும் ஞாபகமும் செல்லாது என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்துவிட்டது.

பெரிய பெட்டி கடலோரத்தில், லைட்ஹவுஸ் குப்பத்துச் சங்க ஆபீசில் இருந்தது. அங்கே பிராங்க்ளின் என்கிற கிளார்க் ஒரு பெயரைத் தட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் ஏரிக்கு இந்தப் பக்கம் தோணிரேவுச் சின்ன பெட்டியிலும் அதே பெயர் விழும். இரண்டு கூரையிலும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி டிஷ் நின்றது, அது வழியாக. பிராங்க்ளின் அழித்தால் இங்கேயும் அழியும். சின்ன பெட்டிக்கென்று சொந்த யோசனை கிடையாது.

கார்த்திகைக் கடைசியில் அடித்த புயலில் கடல் ஆபீசுக்குள் இடுப்பளவு வந்து பெரிய பெட்டியை முழுக்காட்டியது. அன்றைக்குச் சென்னையிலிருந்து ஜெஸ்ஸி போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல, ஜெபசெல்வி ஒற்றை விரலால் அமுக்கி, சின்ன பெட்டியைத் தலைமைக்கு ஏற்றினாள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் ஜெஸ்ஸி இன்ஜினியர். அன்றிலிருந்து பாட்டில் என்ன மாற்றம் வந்தாலும் ஆட்கள் தோணிரேவுக்கு வந்து சொல்வார்கள், ஜெபசெல்வி தட்டுவாள். முப்பத்தொரு மாற்றம் அப்படி ஏறியிருந்தது.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று முனியம்மாவின் பெயர்.

முனியம்மாவின் புருஷன் மாரி, புயல் ஓய்ந்த ஒன்பதாம் நாள் மண்ணில் புதைந்த வலையை இழுக்கும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும் பஞ்சாயத்து கூடியது. மாரியின் அண்ணன் ஆதிகேசவன்தான் குப்பத்து நாட்டார், பஞ்சாயத்துக்குத் தலைவர். செத்தவன் பாடு அண்ணன் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம், கல்யாணமாகாததால் இன்னும் பாட்டில் பெயர் ஏறாத தன் மகன் விக்கிக்கு அது போகட்டும் என்றார். முனியம்மா எழுந்து நின்றாள். பதினெட்டு வருஷம் அந்தத் தோணியில் கழி ஊன்றியது தன் கை, வலை இறக்கியது தன் கை, பாடு மட்டும் எப்படி அடுத்த வீட்டுக்குப் போகும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஏழு பேரில் நாலு பேர் அவள் பக்கம். நாட்டார் என்பதால் அந்தத் தீர்ப்பை ஆதிகேசவனே தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் முனியம்மா ஏரியைத் தாண்டி வந்து, தன் பெயர் எங்கே என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஜெபசெல்வி காட்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பாட்டில் ஏறிய முதல் பெண் பெயர் அது. திரைக் கண்ணாடியில் பதிந்த விரல் தடத்தை ஜெபசெல்வி துடைக்கவில்லை.

இப்போது பெரிய பெட்டியைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதன் வயிற்றில் இருந்தது புயலுக்கு முந்தின நாள் வரைக்குமான பழைய கணக்கு. திங்கட்கிழமை தைச் சீட்டு. சீட்டு அம்மன் கோயிலுக்கு முன்னால், பெரிய பெட்டியைப் பார்த்துத்தான் குலுக்க வேண்டும். அதற்குள் தலைமை திரும்பக் குப்பத்துக்குப் போக வேண்டும்.

ஜெஸ்ஸி நேரில் வர முடியவில்லை. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அதனால் போனில் சொன்னாள், ஜெபசெல்வி நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டாள். வழக்கமாகக் கணக்கு குப்பத்திலிருந்து தோணிரேவுக்குப் பாயும். இந்த ஒரு முறை மட்டும் தலைகீழாகத் தோணிரேவிலிருந்து குப்பத்துக்குப் பாய வேண்டும். படகுகளின் போட்டோ, ஏரி வரைபடம், கைரேகை என்று பாரம் அதிகம், டிஷ் வழியாக அனுப்பினால் பத்து நாள் பிடிக்கும். ஆகவே முழுக் கணக்கையும் கைக்கடக்கமான ஒரு டிஸ்கில் இறக்கி, எடுத்துப்போய்ப் பெரிய பெட்டியில் ஏற்றிவிட வேண்டும். மிச்சம் மீதியை மட்டும் டிஷ் அனுப்பும். அப்போது ஒரு மணி நேரம் போல யாரும் புதிதாக எதையும் எழுதக் கூடாது. இரண்டும் ஒன்றாகிவிட்டதா என்று பார்த்து, தலைமையை மாற்றி, பழையபடி பாய்ச்சலைத் திருப்பிவிட வேண்டும். வியாழக்கிழமையே ஜெபசெல்வி டிஸ்கில் இறக்கி முடித்துவிட்டாள். சனிக்கிழமை எடுத்துப் போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திரையில் மஞ்சள் கட்டம் ஒன்று எழுந்தது.

அவள் விரல் வைத்துப் படித்தாள். லைட்ஹவுஸ் குப்பம் தலைமையாக இயங்குகிறது. தோணிரேவு தலைமையாக இயங்குகிறது. இரண்டிலும் இருப்பவை வேறுபடுகின்றன. லைட்ஹவுஸ் குப்பத்தில் இருப்பதை ஏற்றால், தோணிரேவில் வேறுபடுபவை அழிக்கப்படும். ஏற்கவா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

கடைசி வரியை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆதிகேசவன்.

"ஜெபா, உன் ஸ்கிரீன்ல எதுவோ கேக்குதாமே. பிராங்க்ளின் சொல்றான். ஆமான்னு அமுக்கிடு."

"அங்க இன்னா பண்ணீங்க நாட்டாரே?"

என்ன செய்தார்கள் என்பதை அவர் பெருமையாகவே சொன்னார். புது வலையை எவனும் காய்ந்தபடியே ஆழத்தில் இறக்க மாட்டான். நல்ல நாள் பார்த்து, கற்பூரம் காட்டி, கரையோரத் தண்ணீரில் ஒரு முறை நனைத்து எடுத்த பிறகுதான் தொழிலுக்குப் போகும். கடலில் முழுகி எழுந்து வந்த பெட்டியும் புது வலை மாதிரிதானே. தை வெள்ளி, காலையில் தேங்காய் உடைத்து, பெட்டியை ஓடவிட்டு, கன்னி எழுத்தாக வரப்போகிற சீட்டுக்கு நாலு பெயரை மட்டும் பிராங்க்ளினை எழுதச் சொன்னார். பெட்டியில் இருந்த பழைய வரிசைப்படி முதல் நாலு பெயர். மூன்றாவது மாரி. செத்தவன் பெயரைக் கன்னி எழுத்தில் எழுதலாமா என்று பிராங்க்ளின் தயங்கவும், அதில் விக்கி பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே சொன்னாரா, பழைய ஆசை தானாக வாயில் வந்துவிட்டதா என்று ஜெபசெல்விக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

"ஆமான்னு அமுக்க மாட்டேன்," என்றாள்.

"ஏய், மெயினு இங்க கீது. உங்கிட்ட இருக்கறது நகலு. நகலு வந்து அசலைத் திருத்துமா?"

"அசலு அங்கதான் நாட்டாரே, நான் இல்லேங்கல. அம்பத்திமூணு நாள் எழுத்து இங்க கீது."

ஆளை அனுப்புகிறேன், நீ நாற்காலியை விட்டு எழுந்திரு என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். ஜெபசெல்வி எழுந்துதான் போனாள். சுவரோரமாக டிஷ்ஷிலிருந்து இறங்கி வந்து பெட்டியில் செருகியிருந்த நீலக் கேபிளைப் பிடித்து, சாரத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கிற மாதிரி கட்டைவிரலால் பல்லை அமுக்கி உருவினாள். சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டாள். பிறகு, கேபிளைப் பிடுங்கியது ரொம்ப நல்லதாகப் போயிற்று என்றாள். இரண்டும் தலைமை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரு பக்கத்து எழுத்து போய்விடும். முதலில் குப்பத்துப் பெட்டி தலைமையிலிருந்து இறங்க வேண்டும். அது வாங்குகிற பக்கம் என்று திரையில் வந்திருப்பதை ஜெபசெல்வி தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு டிஸ்க். எல்லாம் முடிந்த பிறகு கேபிள்.

"கேபிள் கடைசி, அக்கா. அது மட்டும் மறந்துடாதீங்க."

கேபிள் கடைசி என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள்.

ஆதிகேசவன் அனுப்பிய ஆள் பதினோரு மணிக்கு வந்தான். சந்தோஷ், அவருடைய மருமகன். தை முதல் முகூர்த்தத்தில்தான் கல்யாணம் ஆயிருந்தது. ஐ.டி.ஐ. முடித்தவன், எதையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவன். போன வருஷம் வரைக்கும் பெருவிரல் வைத்தவர்கள் இப்போது நாட்டாருக்கே வகுப்பு எடுக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான் மெதுவாத்தான் படிப்பேன் கண்ணு. நீ வேகமாப் படிப்ப இல்ல, கொஞ்சம் சத்தமாப் படி. எனக்கும் காதுல விழட்டும்."

அவன் கடகடவென்று படித்தான். அழிக்கப்படும் என்கிற இடத்தில் குரல் நின்றது. எது அழியும் என்று கேட்டான். ஜெபசெல்வி நோட்டைப் பிரித்தாள். பெட்டியில் தட்டுகிற ஒவ்வொரு மாற்றத்தையும் கையெழுத்துப் பழக்கத்துக்காக அவள் நோட்டிலும் எழுதி வைப்பாள். சபையில் அந்த நோட்டு செல்லாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். முனியம்மா பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது. இருபத்தெட்டாவதாக, கல்யாணமானதால் புதிதாகப் பாட்டில் ஏறிய பெயர் என்று, சந்தோஷ் இருந்தான்.

அவன் அதைப் பார்த்தான். பொத்தானைப் பார்த்தான். கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இத்த நான் போய் மாமாகிட்ட சொன்னா, எம்பேருக்காகப் பேசறேன்னுவாரு. நீயே நேர்ல வந்து சொல்லுக்கா."

வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை முனியம்மா தோணியோடு வந்து நின்றாள். ரோடு வழியாக ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம், ஆனால் புயலுக்குப் பிறகு அந்த ரோட்டில் முழுசாக இருந்தது பெயர்ப் பலகை மட்டும்தான். தலையில் சிமெண்ட் மூட்டை ஏற்றி அந்த மாதிரிப் பள்ளங்களில் நடந்தவள் ஜெபசெல்வி, பாரம் எங்கே குலுங்கும், எங்கே குலுங்காது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கைத் துண்டில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அரிசி டப்பாவில் வைத்து மூடி, டப்பாவைக் காலி டீசல் கேனோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். தோணி கவிழ்ந்தால் டப்பா மிதக்க வேண்டும்.

முனியம்மா அந்தக் கட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எங்க வூட்டு ஆளு கடலுக்குப் போறப்பகூட நான் இப்டி கட்டி வுட்டதில்லக்கா."

தண்ணீர் மட்டமாக இருந்தது. சேற்றில் கழி இறங்குவதும் உருவுவதுமான சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் பூநாரைகள் ஒரே பக்கமாகத் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பாதி ஏரி தாண்டியதும் முனியம்மா கேட்டாள், தன் பெயர் அந்த டப்பாவில் எவ்வளவு இடம் பிடித்திருக்கும் என்று.

"ஒரு கொசு உக்கார்ற எடம்கூட இல்ல."

"அதுக்கா இம்மாம் கட்டு."

"அத மட்டும் தனியாப் பிச்சு எடுக்க முடியாது முனியம்மா. வந்தா எல்லாம் சேந்து வரும். போனா எல்லாம் சேந்து போவும்."

முனியம்மா கழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக ஊன்றினாள்.

குப்பத்து ஆபீசில் பெரிய பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலை பெட்டி மூச்சு விடுகிற சல்லடையை அடைத்துக்கொண்டிருந்தது. ஜெபசெல்வி உள்ளே போனதும் முதல் வேலையாக மாலையை எடுத்து மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். ஆதிகேசவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிராங்க்ளின் மேசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றான். சந்தோஷ் வாசலில். முனியம்மா படிக்கட்டில் ஏறவில்லை, வெயிலில் தோணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

பெட்டி தலைமையிலிருந்து இறங்க வேண்டும் என்று ஜெபசெல்வி சொன்னாள். ஆதிகேசவன் முடியாது என்றார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கற்பூரம் ஏற்றிய பெட்டியை மறுநாளே அணைத்தால் அந்த வருஷம் முழுக்க ஏரி என்ன கொடுக்கும், அதற்கு ஜெபசெல்வி பொறுப்பு ஏற்பாளா என்று கேட்டார். நனைத்த வலையையும் ஓட்டை தெரிந்தால் கரைக்கு இழுத்துப் போட்டு அடைப்பதில்லையா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வலை வேறு, விளக்கு வேறு என்றார். அந்தப் பதிலில் நியாயம் இருப்பதாக அவளுக்கே பட்டது. அவள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் ஸ்டாரை நடுவில் அணைக்க மாட்டார்கள்.

வெளியே வந்து ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள். குப்பத்துப் பெட்டியை நிறுத்து என்றுதான் வெள்ளிக்கிழமை நோட்டில் எழுதியிருந்தாள். நிறுத்து என்றால் கரண்டையே அணைக்க வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஜெஸ்ஸி. பெட்டி ஓடிக்கொண்டே இருக்கலாம், விளக்கெல்லாம் எரியலாம், தானாக எதையும் எழுதாமல் வாங்கிக்கொள்ள மட்டும் செய்தால் போதும். இதை நேற்றே கேட்டிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜெபசெல்வி திரும்ப உள்ளே போனாள்.

"அணைக்க வேணாம் நாட்டாரே. ஒரு விளக்குகூட அணையாது. ரெண்டு நாளைக்கு வாயை மூடிக்கினு காதை மட்டும் தொறந்து வெச்சிருந்தா போதும்."

"எழுதின நாலு எழுத்து?"

"அது போவும். பேப்பர்ல எழுதி உங்க கையில தரேன். திங்கக்கெழமை பஞ்சாயத்து சரின்னா நானே ஏத்தறேன்."

பிராங்க்ளினை வாசிக்கச் சொல்லி, நாலு பெயரையும் தன் எழுத்தில் எழுதினாள். நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆதிகேசவன் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். மூன்றாவது வரியில் பார்வை ரொம்ப நேரம் நின்றது. வெயிலில் நின்றுகொண்டிருந்த தம்பி பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

வாசலில் இருந்து சந்தோஷ் சொன்னான், "மாமா, எம்பேரும் அந்தக் கரையிலதான் கீது."

ஆதிகேசவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "காதைத் தொற," என்றார் பிராங்க்ளினிடம். "விளக்கு ஒண்ணு அணைஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன்."

பிராங்க்ளின் அமுக்கினான். லைட்ஹவுஸ் குப்பம் வாங்கும் பக்கம் என்று திரையில் வந்தது. ஜெபசெல்வி விரல் வைத்து முழுவதையும் படித்த பிறகுதான் டப்பாவின் கட்டை அவிழ்த்தாள். டிஸ்க் ஏற ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மூன்று பேர் வந்து பெட்டி என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆதிகேசவன் இடத்தை விட்டு நகரவில்லை. எல்லா விளக்கும் எரிகிறதா என்று கால் மணிக்கு ஒரு தடவை எண்ணினார். நாலு மணிக்கு அவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் டீ வந்தது. வெளியே ஒரு டம்ளர் போயிற்று. முனியம்மா வாங்கிக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு ஜெபசெல்வி நேராகப் பெட்டி அறைக்கு வந்தாள். பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் பாட்டில் எந்த மாற்றமும் எழுதப்படாது என்று சர்ச்சிலும் கோயிலிலும் மைக்கில் சொல்ல ஏற்பாடு செய்திருந்தாள். சொன்னால் கேட்கிற ஊரா. பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஒருவன் வந்து, தன் முறையை மச்சானுக்கு மாற்றி எழுதச் சொல்லிக் கதவைத் தட்டினான். காலங்காலமாக வாயால் சொல்லி மாற்றியது, இப்போது இதற்கு ராகு காலம் எல்லாம் உண்டா என்று நக்கல் செய்தான். வெளியே பெஞ்ச் இருக்கிறது, உட்கார்ந்திரு என்று சொல்லிவிட்டு உள்ளே தாழ் போட்டாள்.

சாப்பாட்டுப் பையிலிருந்து நீலக் கேபிளை எடுத்தாள். மோர் வாசனை அடித்தது, முந்தானையில் துடைத்தாள். போனில் ஒரு பக்கம் ஜெஸ்ஸி, இன்னொரு பக்கம் பிராங்க்ளின். அங்கே வாங்கும் பக்கம் என்றுதான் இருக்கிறதா என்று பிராங்க்ளினிடம் கேட்டாள். இருக்கிறது என்றான். படித்துக் காட்டு என்றாள். படித்தான். பாய்ச்சல் தோணிரேவிலிருந்து குப்பத்துக்கு என்று இவள் திரையிலும் இருந்தது. அதையும் படித்தாள். அப்புறம் செருகினாள். பல் டக்கென்று விழுந்தது.

மஞ்சள் கட்டம் வரவில்லை. பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. டிஸ்கில் இறக்கிய பிறகு இங்கே ஏறியிருந்த இரண்டு மாற்றங்களும் ஏரியைத் தாண்டின. இங்கே முப்பத்து மூன்று. அங்கே முப்பத்து மூன்று. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்றாள் ஜெஸ்ஸி. ஜெபசெல்விக்குப் போதவில்லை. பன்னிரண்டாவதை வாசி என்றாள் பிராங்க்ளினிடம். முனியம்மா, கணவர் பெயர் மாரி என்று அவன் வாசித்தான். இவள் விரலும் அதே எழுத்துகளின் அடியில் போய்க்கொண்டிருந்தது.

பத்து ஐம்பதுக்குத் தலைமை மாறியது. ஜெஸ்ஸி சொல்ல, இவள் இங்கே இறக்கினாள், பிராங்க்ளின் அங்கே ஏற்றினான். பாய்ச்சல் திரும்பியது. இனி குப்பத்தில் தட்டுவது இங்கே விழும். தாழைத் திறந்தபோது வெளியே பெஞ்சில் இருந்தவன் தூங்கிவிட்டிருந்தான். அவனை எழுப்பி, இனிமேல் மாற்றம் எழுதக் குப்பத்துக்குப் போ என்றாள். அவன் கொட்டாவி விட்டபடி, இதற்கா ஒரு மணி நேரம் உட்கார வைத்தாய் என்று கேட்டுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை சீட்டுக்கு ஜெபசெல்வி போகவில்லை. அவள் பெயர் பாட்டில் இல்லை, அங்கே அவளுக்கு வேலையும் இல்லை. பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கழுத்துக்குச் சூடான துணி ஒத்தடம் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆதிகேசவன் அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்தார் என்றும், பஞ்சாயத்தில் அதை வெளியே எடுக்கவே இல்லை என்றும் பிறகு சந்தோஷ் சொன்னான்.

ஒன்பது மணிக்கு மேல் வரிகள் வந்து விழத் தொடங்கின. முதல் வரி, இரண்டாவது, ஐந்தாவது. அவள் எதையும் தொடவில்லை. பத்தே காலுக்குப் பதினேழாவது வரி விழுந்தது. விரலை வைத்து, உதட்டை அசைத்து, அதைக் கடைசி வரைக்கும் படித்தாள்.

போன் அடித்தது. பின்னால் கூட்டத்தின் இரைச்சல், மேளச் சத்தம்.

"அக்கா, நாட்டாரே எம்பேரைக் கூப்டாரு. சீட்டு எடுத்தேன். அங்க வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னா போட்டுக்கீது?"

"முனியம்மா. வடக்குப் பாடு. மூணாவது முறை."

மேளத்துக்கு மேலே முனியம்மா குரலை உயர்த்தினாள்.

"இன்னொரு வாட்டி படிக்கா. மெதுவாப் படி."

ஜெபசெல்வி மறுபடியும் முதல் எழுத்தின் அடியில் விரலை வைத்தாள்.